ஐந்து குளியலறையும் நாற்பது கேன் தண்ணீரும்

குர்பார்த்,
12 அக்டோபர் 2012

அன்புள்ள ரஸிம் அண்ணாவுக்குத் தங்கை ஹனிஃபே எழுதுவது.

நாங்கள் உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறோம். நீயும் நெஜ்மியே அண்ணியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாக நலமாயிருக்க வேண்டும். எல்லை தாண்டி உங்கள் ஊர்வரை பஸ் ஓட்டும் ஹாலித்திடம் மிளகாய்த் தொக்கு எட்டு ஜாடி கொடுத்தனுப்புகிறேன். எட்டு என்று எழுதியிருப்பதைக் கவனி. போன வருஷம் உனக்கு ஏழுதான் வந்தது. கேட்டதற்கு, ரோட்டில் குழி என்றான்.

ஃபோனில் சொல்லக் கூடாதா என்பாய். ஃபோனில் பேசினால் என் வீட்டுக்காரர், அதாவது உன் மாப்பிள்ளை இமெர், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்துக் கொடுப்பார். அதனால் விஷயம் உள்ளதை ஹாலித் கையில்தான் அனுப்புவேன்.

விஷயம் இதுதான்: நான் குர்பார்த் குடிநீர்க் குழுவின் தலைவி ஆகிவிட்டேன். சிரிக்காதே. தலைநகர் பிரிஷ்டினாவில் இருக்கும் வெளிநாட்டு உதவி அலுவலகம் ஒன்று மலைச் சுனையிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டுத் தருகிறதாம். அதற்கான படிவத்தில் குழுத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. தனியாகப் பிரிந்து வந்த நம் நாட்டுக்கு வயது நாலு. நாலு வயதில் மற்ற பிள்ளைகள் மூக்கைத் துடைக்கப் பழகும், நம் நாடு படிவம் நிரப்பப் பழகிவிட்டது. ஆண்கள் காப்பிக் கடையில் கூடி, ஊரிலேயே வாய் திறக்காத பெண் யார் என்று யோசித்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் கடிதங்களைப் படித்த யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

மூன்று ஊர்கள் கேட்டிருக்கின்றன. ஓர் ஊருக்குத்தான் குழாய். கீழ்த்தெருவில் எங்கள் கிணறுகள் ஜூலையிலேயே வற்றிவிடுகிற கதை உனக்குத் தெரியும். முப்பத்தோரு வீட்டுப் பெண்களும் சுனைவரை ஏறி, கைக்கு ஒரு கேனாகச் சுமந்து இறங்குகிறோம். பனிக்காலத்தில் ஏறும்போது ஓதுகிறோம், இறங்கும்போது திட்டுகிறோம். இந்தக் குழாய் எனக்கு வேண்டும் அண்ணா. ஊருக்கு என்று நாகரிகமாகச் சொல்லலாம், ஆனால் எனக்கே வேண்டும்.

நவம்பர் ஐந்தாம் தேதி மார்கிட் என்ற அம்மா மதிப்பீட்டுக்கு வருகிறார். அவரை எங்கே உட்கார வைப்பது? நீ இத்தனை வருஷமாக வெளிநாட்டில் இருப்பவன், அவர்களை அறிந்தவன், சொல்.

மேட்டில் நீ கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடு நலம். வாரம் ஒரு நாள் போய் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். வாசல் கல் சிங்கங்கள் இரண்டும் சுகம்.

உன் தங்கை,
ஹனிஃபே

---

விண்டர்தூர்,
21 அக்டோபர் 2012

அன்புத் தங்கைக்கு அண்ணன் ரஸிமின் ஆசிகள். நாங்கள் நலம், உங்கள் நலமே எங்கள் நலம். தொக்கு ஏழு ஜாடி கிடைத்தது.

நல்ல வேளை என்னைக் கேட்டாய். என் கீழ் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். இந்த ஜனங்களின் மனசு எனக்குக் கைரேகை மாதிரி தெரியும். ஒழுங்கும் சுத்தமும் கண்டால் உருகிப்போவார்கள். பரதேசிக் கோலத்தில் நின்றால் மதிக்கவே மாட்டார்கள்.

ஆகவே அந்த அம்மாவைக் கீழ்த்தெருவின் பக்கமே விடாதே. நேராக என் வீட்டுக்கு அழைத்துப் போ. கூடத்துத் தோல் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடு. (பிறகு மறக்காமல் மாட்டிவிடு.) கை கழுவ வேண்டுமென்றால் தங்க நிறக் குழாய் வைத்த குளியலறை, வேறு எதுவும் வேண்டாம். நம்மை எவரும் பிச்சைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்பா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

மாப்பிள்ளையை அதிகம் பேச விடாதே.

அன்புடன்,
ரஸிம்

---

குர்பார்த்,
9 நவம்பர் 2012

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம், களைப்பு மட்டும் போகவில்லை. உங்கள் இருவருக்கும் களைப்பில்லாத சுகம் கிடைக்கட்டும்.

நீ சொன்னபடியே செய்தோம். உன் வீட்டுக் கூடத்தில் ஊர்க் கம்பளம் முழுவதையும் கொண்டுவந்து விரித்தோம். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அடுக்கு, நடந்தால் கட்டில்மேல் நடப்பதுபோல் ஆட்டம் கண்டது. இரண்டு ஆடு அறுத்தார்கள். நானும் நாலு பெண்களும் காலையிலிருந்து ஃப்லியாவை அடை அடையாக ஊற்றிச் சுட்டு அடுக்கினோம். ‘வீடு என்பது கடவுளுக்கும் விருந்தாளிக்கும் சொந்தம்’ என்று இமெர் வழக்கம்போல் சொன்னார். பெருக்குவது மட்டும் எனக்குச் சொந்தம்.

ஒரு சிக்கல் வந்தது. தங்க நிறக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆகஸ்டில் நீ வரும்போது டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து மாடித் தொட்டியை நிரப்புகிறோம் அல்லவா, அது எப்போதோ தீர்ந்துவிட்டது. விருந்தாளி குழாயைத் திறந்து தண்ணீர் வராவிட்டால் ஊர் மானம் என்ன ஆவது? அன்று டிராக்டரும் பழுது. அதனால் கீழ்த்தெருப் பெண்கள் இருபது பேர், விடிந்ததிலிருந்து, சுனையிலிருந்து நாற்பது கேன் தண்ணீர் சுமந்து உன் மாடிக்கு ஏற்றினோம். ஊரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வருபவருக்காகத்தான் ஏற்றுகிறோம் என்பது இருபது பேரில் ஒருத்தி புத்திக்கும் எட்டவில்லை. என் புத்திக்கும்தான்.

மார்கிட் அம்மா குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. எங்களுக்கு உயிர் வந்தது. அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டின்போது, தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் வ்லோரா மூலம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இமெர் முந்திக்கொண்டார். “தண்ணிக்கு நம்ம ஊர்ல என்னம்மா குறை? நீங்க முதல்ல வயிறாரச் சாப்பிடுங்க.” வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லி அவர் தொண்டையில் சோறு சிக்கினால் பாவம் அல்லவா?

போகும்போது உன் சிங்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் உறைகளை மாட்டிவிட்டேன்.

ஹனிஃபே

---

விண்டர்தூர்,
25 நவம்பர் 2012

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே விழைகிறேன். கடிதத்தை நெஜ்மியேவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா? இனி குழாய் வந்ததாகவே வைத்துக்கொள்.

ஒன்றை எழுத மறந்துவிட்டாய். ஐந்து குளியலறையையும் பார்த்தாரா, ஒன்றை மட்டும்தானா?

ரஸிம்

---

குர்பார்த்,
20 ஜனவரி 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருங்கள். குளிரில் பேனா மை உறைகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்த வாரம் ரொட்டிக்கு மாவு பிசைந்தவர் உன் மாப்பிள்ளை. ஏன் என்று கேட்காதே, காலம் மாறிவிட்டது.

பதில் வந்துவிட்டது. நமக்கு இல்லை. ‘வீடுகளில் குழாய்த் தண்ணீர் தடையின்றி வருகிறது, வாழ்க்கைத் தரம் மிக உயர்வு, குறைகள் எதுவும் தெரிவிக்கப்படவில்லை’ என்று அறிக்கை. முதல் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் படம். பக்கத்து ஊரான கோட்ராலிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். மார்கிட் அம்மா வருகிற தேதியை அங்கே மறந்தே போயிருக்கிறார்கள். யாரோ கிழவர் கால்சட்டைப் பையிலிருந்து நாலு வாதுமைக் கொட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நானே எழுதினேன், யாரையும் கேட்கவில்லை. மார்ச் மாதம் இன்னொரு முறை வந்து பார்ப்பார்கள். அதுதான் கடைசி.

ஹனிஃபே

---

விண்டர்தூர்,
3 பிப்ரவரி 2013

தங்கைக்கு,

நலமா என்று கேட்கக்கூட மனம் இல்லை, அவ்வளவு கோபம். எந்த முட்டாளின் வேலை இது? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டீர்களே. எந்த வீட்டுப் படத்தை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்? காப்பிக் கடைக்காரன் ஊதா பெயின்ட் அடித்து வைத்திருக்கும் வீடாகத்தான் இருக்கும். நாலு அடுக்குக் கம்பளம் யார் யோசனை? மாப்பிள்ளை யோசனைதானே?

இப்போது நான் சொல்வதைக் கேள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இந்த முறை கம்பளம் கிடையாது, ஆடு கிடையாது, காப்பி கிடையாது. முடிந்தால் நாற்காலியும் கிடையாது. இங்கே ஒரு வீட்டுக்கு மத்தியானம் சுவர் பூசப் போனேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னை நடையில் நிற்க வைத்தார்கள். உள்ளே சூப்பு வாசம், வெளியே நான். யாரும் அதைப் பாவம் என்று நினைக்கவில்லை. பழகிவிட்டால் ஒன்றுமில்லை.

கோழி கிளறின மாதிரி என்ன எழுத்து இது? மையை அடுப்படியில் வை.

ரஸிம்

---

குர்பார்த்,
17 மார்ச் 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். எழுத்தும் கொஞ்சம் நலம், பார்த்திருப்பாய். நீயும் அண்ணியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் யோசனையை ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். விருந்தாளிக்குக் காப்பி கொடுக்காமல் கிடைக்கும் தண்ணீரைவிடச் சாக்கடைத் தண்ணீர் மேல் என்று இமெர் எழுந்து நின்றார். அரை நாள் சண்டை. கடைசியில் வாதுமைக் கொட்டை மட்டும் என்று முடிவாயிற்று, கோட்ராலி அளவு.

மார்கிட் அம்மாவும் வ்லோராவும் பத்து நாள் முன்பு, வியாழக்கிழமை வந்தார்கள். எங்கள் வீட்டில் வெறும் பலகையில் உட்கார வைத்தேன். இமெர் பதினோரு நிமிஷம் தாங்கினார். முகம் சிவந்து, “ஒரே ஒரு காப்பி” என்று எழுந்து போனார். காப்பிக்குப் பின்னால் ராக்கிச் சாராயம் வந்தது. அதற்குப் பின்னால் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக, துணி மூடிய தட்டோடு, இந்தப் பக்கமாகப் போனேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீடு தெருக்கோடியில் இருக்கிறது. இந்தப் பக்கமாகப் போனால் மாட்டுக் கொட்டகைக்குத்தான் போகலாம்.

பழைய கேள்வியையே மார்கிட் அம்மா மறுபடி கேட்டார். இமெர் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் நான் பேசினேன், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக.

“தண்ணி எங்கேருந்தும் வர்றதில்லைம்மா. நான்தான் போய் எடுத்துட்டு வர்றேன். போன தடவை நீங்க குழாயைத் திறந்தப்ப வந்ததும் நாங்க தூக்கி ஊத்தினதுதான்.”

வ்லோரா அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். அவள் ஊரும் இந்தப் பக்கம்தான். மார்கிட் அம்மா என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். பிறகு எழுந்து, சுனைக்கு நானும் வருகிறேன் என்றார்.

திரும்பும்போது ஒரு கேனை அவரே தூக்கிக்கொண்டார். இமெருக்கு உயிரே போய்விட்டது. “விருந்தாளி கையில கேனா? ஊர் என்னைப் பாத்துச் சிரிக்குமே” என்று ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். அந்த அம்மா நாலு இடத்தில் உட்கார்ந்தார். நாலு இடத்திலும் நாற்காலி தயாராக இருந்தது. பின்னால் தட்டுகளும் வரிசையாக வந்தன. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்தார்களாம். வாசலில் கேனை இறக்கி வைத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நோட்டை எடுத்து முதலில் எழுதியதை அடித்தார்.

ஓர் ஊருக்குத்தான் என்றவர்கள் மனம் மாறி, கோட்ராலிக்கும் உண்டு, நமக்கும் உண்டு என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று. தண்ணீர்த் தொட்டி ஊரின் மேட்டில், சமதரையில் இருக்க வேண்டும். இடம் ஊர் தர வேண்டும். பொறியாளர் ஊரெல்லாம் அளந்துவிட்டு, தகுந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அதில் புல் வளர்த்திருக்கிறார்கள், முன்னால் இரண்டு சிங்கம் இருக்கிறது என்றார். சொந்தக்காரரின் கையெழுத்து ஏப்ரல் முப்பதுக்குள் வராவிட்டால் குழாய் வேறு ஊருக்குப் போகும். சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். ஊரில் இல்லை என்று சொன்னேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஹனிஃபே

---

விண்டர்தூர்,
24 மார்ச் 2013

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே இன்னும் பனி. நெஜ்மியேவுக்கு முதுகுவலி. அங்கே வெயில் வந்திருக்கும், பிளம் பூத்திருக்கும்.

நாற்காலி ஊர்வலத்தைப் படித்துச் சிரித்தேன். பொறியாளர்கள் எப்போதும் அவசரக்காரர்கள். இடுகாட்டு மேட்டைப் பார்த்தார்களா? அதுவும் உயரம்தான். மசூதிக்குப் பின்னாலும் இடம் இருக்கிறது.

அந்தப் புல்லின் விதை ஜெர்மனியிலிருந்து வந்தது, சும்மா சொல்கிறேன். வருஷம் முழுக்க இங்கே நிற்கும்போது அந்தப் பச்சையை நினைத்துக்கொள்வேன். வேறு விசேஷம் இல்லை.

ரஸிம்

---

குர்பார்த்,
7 ஏப்ரல் 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அண்ணியின் முதுகுக்குப் பூனைத்தோல் கட்டினால் நல்லது என்கிறார்கள், பூனை கிடைக்கவில்லை.

பிளம் பூத்தது. ஜன்னல்களைத் திறந்தேன், மூடினேன். இடுகாட்டில் இடம் இல்லை. மசூதிக்குப் பின்னால் பள்ளம். பனியில் ஒரு சிங்கத்தின் மூக்கு உடைந்திருக்கிறது, புல்லுக்கு ஒன்றுமில்லை.

ஹனிஃபே

---

விண்டர்தூர்,
21 ஏப்ரல் 2013

ஹனிஃபே,

நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

ஹாலித் வந்திருந்தான். மூன்று வருஷமாக ஜாடியைத் தின்றதற்குப் பிராயச்சித்தம்போல வாயை விட்டுவிட்டான். ஜனவரி ஆறாம் தேதி, இரண்டு கேனோடு, சுனைப் பாதையின் பனிக்கட்டியில் நீ வழுக்கி விழுந்திருக்கிறாய். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. எட்டு வாரம் மாவுக்கட்டு. நீ இடது கையால் எனக்கு எழுதியிருக்கிறாய், நான் மையை அடுப்படியில் வை என்று எழுதியிருக்கிறேன்.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். எல்லாம் அதிலேயே இருக்கிறது. நாற்பது கேன் தண்ணீரை என் மாடிக்கு ஏற்றினேன் என்று நீ எழுதுகிறாய், ஐந்து குளியலறையையும் பார்த்தாரா என்று நான் கேட்கிறேன். எந்த முட்டாளின் வேலை, எந்த வீட்டுப் படம் என்றும் கேட்டிருக்கிறேன். நீ பதில் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது ஹனிஃபே.

இனி மறைக்க ஒன்றுமில்லை, கேள். என் கீழ் பன்னிரண்டு பேர் இல்லை. பன்னிரண்டு பேரில் நான் ஒருவன், அதிலும் கடைசி. இங்கே நாங்கள் இருப்பது இரண்டு அறை. குளியலறையை எதிர்வீட்டு போர்த்துகீசியரோடு பங்கிட்டுக்கொள்கிறோம். துணி துவைக்கும் அறையில் எங்கள் முறை இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை. அந்த வியாழனைத் தவறவிட்டால் அழுக்குச் சட்டைதான். ஐந்து குளியலறை ஏன் கட்டினேன் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். வரிசையில் நிற்கும்போதெல்லாம் ஒன்று கட்டினேன்.

கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம் இதோடு இருக்கிறது. நோட்டரி முத்திரையும் குத்தியாயிற்று. ஹாலித்தை மூன்று இடத்தில் சத்தியம் செய்ய வைத்திருக்கிறேன். புல்லைத் தோண்டிக்கொள்ளுங்கள். சிங்கங்களை மட்டும் உடைக்காமல் ஓரமாக வைக்கச் சொல், அவற்றுக்கு நான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை ரொட்டி எப்படி இருந்தது?

உன் அண்ணன்

---

குர்பார்த்,
28 ஜூலை 2013

என் அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். கையும் நலம், மழை வருவதை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. நீங்கள் இருவரும் வரும்வரை இப்படியே நலமாக இருங்கள், வந்த பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை ரொட்டியைக் கோழிகூடத் தொடவில்லை.

பத்திரம் ஏப்ரல் இருபத்தாறாம் தேதி கிடைத்தது. ஹாலித் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மூன்று எல்லையிலும் மூச்சுவிடாமல் வந்தானாம். அவனுக்கு ஒரு ஜாடி முழுதாகக் கொடுத்தேன், திருடித் தின்ற ருசி இல்லை என்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் திறந்தார்கள். மார்கிட் அம்மா வந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, குர்பார்த்துக்குப் போகிறோம் என்று வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார் என்று வ்லோரா காதில் சொன்னாள். நமக்கென்ன கஷ்டம், மூன்று ஆடு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் குடித்தார். இமெர் மூலையில் நின்று அழுதார். வெங்காயம் என்றார், அன்று வெங்காயம் உரித்தவள் நான்.

தொட்டி நிரம்பி வழிந்தால் வெளியேற ஒரு குழாய் வேண்டும் என்றார் பொறியாளர். மூக்குடைந்த சிங்கத்தின் வாய் சரியான அளவாக இருந்தது. இப்போது அது நாள் முழுக்கத் துப்பிக்கொண்டிருக்கிறது, மேல்தெரு மாடுகள் அங்கேதான் குடிக்கின்றன. மற்றது பொறாமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் புல் போய்விட்டது. சிங்கம் துப்புகிற இடத்தில் மட்டும் தானாக ஒரு பாய் அகலத்துக்கு முளைத்திருக்கிறது, ஜெர்மனி விதையா நம் ஊர் விதையா என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் வா. கம்பளம் விரிக்கப் போவதில்லை, பிளாஸ்டிக் உறைகளையும் கழற்றித் தூர எறிந்துவிட்டேன். பெட்டியை இறக்கி வைத்ததும், வரிசையில் நிற்காமல், ஐந்து குளியலறைக்கும் போ. ஐந்து குழாயையும் திறந்து விடு. தண்ணீர் வரும் அண்ணா. இந்த முறை யாரும் சுமந்து ஏற்றவில்லை.

ஹனிஃபே